தத்துவத்துக்கு நாற்காலி இல்லை

கல்விக் கடன் அலுவலகத்தில் படிப்புக்குத் தகுந்த இருக்கை. கணினி படிக்கப்போகும் பிள்ளையைப் பெற்றவர்களுக்குச் சோபா. வணிகவியலுக்குக் கை வைத்த நாற்காலி. வரலாற்றுக்கு முக்காலி. என் மகள் தேர்ந்தெடுத்தது தத்துவம்.

"தத்துவத்துக்கு நிக்கணும்மா," என்றார் அதிகாரி. "படிச்சு முடிச்சு என்ன சம்பளம் வரும்னு கணக்குப் போட்டுத்தான் இருக்கை. கையெழுத்து ஆகறதுக்குள்ள நாற்காலியில உக்காந்தா மனு ரத்து."

அவரும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

"சார் ஏன் நிக்கறீங்க?"

"நான் இலக்கியம்," என்றார், குரலைத் தாழ்த்தி.

சலவைக் கடையில் நாள் முழுக்க நின்று துணி தேய்ப்பவள் நான். நிற்பது புதிதில்லை. ஆனால் இடம் காலியாக இருக்கும்போது நிற்பது வேறு மாதிரி வலித்தது. சோபாவில் சாய்ந்திருந்தவரை வெறுத்தேன். பிறகு மகளை, கொஞ்சம். அப்படி நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது. முழங்கால் வலி மட்டும் குறையவில்லை.

"பொண்ணு என்ன எடுத்திருக்கு?" என்றார் சோபாக்காரர்.

"தத்துவம்."

"அடடா. வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

மகள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, பேசாம கணினின்னு மாத்திடறேன். நீ போய் உக்காரு."

"வாயை மூடுடி," என்றேன். சொல்லும்போதே கண் சோபாவின் காலி மூலைக்குப் போனது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் மனுவில் படிப்பை மாற்றச் சொல்லி நானே அவள் கையில் பேனாவைக் கொடுத்துவிடுவேன் என்று பயம் வந்தது. அதனால் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதிகாரி பதறினார். "ஐயோ, உக்காந்துட்டீங்களே! ரத்து, ரத்து!"

"நாற்காலியில உக்காந்தாதானே ரத்துன்னீங்க?" என்றாள் மகள். "தரை எந்தப் படிப்புக்கு?"

அவர் விதிகளைப் புரட்டினார். "தரை எதுலயும் வரலையே."

"அப்ப உங்க கணக்குல அம்மா இன்னும் உக்காரவே இல்ல சார். நின்னுட்டுதான் இருக்காங்க."

அவர் என்னைக் குனிந்து பார்த்தார். நான் முடிந்தவரை நிற்பவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

"சார், சீக்கிரம் போட்டு அனுப்புங்க," என்றார் சோபாக்காரர் கலவரத்துடன். "இந்தப் பொண்ணைப் பேச விட்டா அடுத்து என் சோபாவுக்கு வரும்."

"இதுக்குத்தான் தத்துவத்துக்குக் கடனே குடுக்கக் கூடாதுங்கறது," என்று முனகிக்கொண்டே அதிகாரி கையெழுத்திட்டார். "எழுந்திருங்கம்மா, முடிஞ்சுது."

"இருக்கட்டும் சார்," என்றேன். "அடுத்த வருஷக் கட்டணத்துக்கும் இங்கதானே வரணும்."