நெரை பிரித்த கான்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேட்டு லயத்து வீடுகளுக்குப் பின்னால், கிராமிய வேலைவாய்ப்புத் திட்டத்தின் கீழ், மழைத்தண்ணீர் ஓட ஒரு கான் வெட்டப்படுகிறது. நாடா வெட்டியாயிற்று. பேச்சுகளும் பேசியாயிற்று. பாக்கியிருந்தது மண் மட்டும்தான். அதைப் பெண்களிடம் விட்டுவிட்டார்கள்.

விடியற்காலைப் பனியில், இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு அற்புதமலர் மம்பட்டியை ஓங்கினாள். கல். மறுபடி ஓங்கினாள். கல்லுக்குத் தங்கச்சி. அதிர்ச்சி தோள்மூட்டில் போய் நின்றது. பக்கத்துத் துண்டில் ஜெசீகாவின் மம்பட்டி மாவில் இறங்குவதுபோல் இறங்கியது.

"என்னாக்கா, கல்லா?"

"இல்ல, கருப்பட்டி."

அற்புதமலருக்கு அடிவயிறு எரிந்தது. ஜெசீகாவுக்குக் கொழும்புக் கடையில் புருசன், அவன் அனுப்பிய பூப்போட்ட குடை, இப்போது மெத்து மண்ணும் அவளுக்கே! தோட்டத்தில் வேலை குறையும் மாதங்களில் அற்புதமலர் வெலிமடைக்கு உருளைக்கிழங்கு கிண்டப் போய்விடுவாள். மகள் பக்கத்து வீட்டுக் காம்பராவில் கிடப்பாள். போன முறை திரும்பி வந்தபோது பிள்ளை அவளைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. இந்தக் கான் வேலை நிலைத்தால் இந்த வருடம் போகவேண்டியதில்லை. குடைக்காரிக்கு என்ன கேடு?

நெரை பிரிக்கச் சொன்னதும் பெண்கள்தான். கொழுந்து பறிக்க ஆளுக்கொரு செடி வரிசை, அதுதான் நெரை. கானுக்கும் அப்படியே என்றார்கள். மேற்பார்வைக்கு வந்த குமாரசிங்கம் ஐயாவும், அளக்கச் சுகம் என்று கோடு கிழித்துவிட்டார். ஒருத்தி நெரையில் இன்னொருத்தி மம்பட்டி படக்கூடாதென்று நடுவில் வரப்புகளும் விட்டார்கள். ஜெசீகாவைத் தோற்கடிக்கவென்றே அற்புதமலர் அலவாங்கால் கல்லைப் பெயர்த்து இடுப்பளவு இறங்கினாள்.

பெருமழை ஒன்று பெய்தது. கான் ஓடவில்லை, தொட்டி தொட்டியாய் நின்றது. அற்புதமலரின் தொட்டியில் ஒரு தவளை குடியேறியிருந்தது.

குமாரசிங்கம் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கினார். "இது கானோ, கிணறோ?"

"நெரை பிரிச்சது ஐயாதாங்க," என்றாள் அற்புதமலர்.

"கதை காணும், நிப்பாட்டுங்கோ. இந்தப் பிள்ளை வெட்டினதுதான் அளவாக் கிடக்கு. ஜெசீகா, நீர் மட்டும் நில்லும். மற்ற ஆக்கள் வெலிமடைக்குப் போங்கோ. நான் வேற சனத்தைக் கொண்டு வாறன்."

கதவுக்குப் பின்னால் ஒளியும் மகள் அற்புதமலரின் கண்ணில் ஓடினாள். சிரிக்கப்போகிறாள் என்று குடைக்காரியைப் பார்த்தாள்.

ஜெசீகா மம்பட்டியைக் கீழே போட்டாள். "எல்லாரும் நின்னாதாங்க நானும் நிப்பேன்."

இதிலும் முந்திக்கொண்டாளே! அந்த நல்ல வார்த்தையாவது தன் வாயிலிருந்து வந்திருக்கக்கூடாதா? அற்புதமலர் தவளையோடு தவளையாகத் தொட்டிக்குள் குதித்து, இருவர் நெரைக்கும் நடுவிலிருந்த வரப்பை வெட்டினாள்.

"ஏ புள்ள, என்னா பாத்துக்கிட்டு நிக்கிற? அந்தப் பக்கத்து வரப்ப ஒட!"

"என் நெரையில கை வைக்கிறீங்களேக்கா!"

"இனிமே நெரையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல."

வரப்புகள் ஒவ்வொன்றாய் உடைந்தன. பள்ளத்தைப் பெண்கள் கல் போட்டு நிரவினார்கள். கலங்கல் தண்ணீர் தயங்கித் தயங்கி நகர்ந்தது.

"ஆர் உங்களை வெட்டச் சொன்னது? ஏறுங்கோ!" என்றார் குமாரசிங்கம்.

"ஏற மாட்டோங்க," என்றாள் அற்புதமலர். "வேற சனம் வந்தா அவங்களும் எறங்கட்டும். எடம் இருக்கு."

குமாரசிங்கம் வானத்தைப் பார்த்தார். கானை நிறைத்து நின்ற பெண்களைப் பார்த்தார். "மேலிடத்தைக் கேட்டுப்போட்டு நாளைக்குச் சொல்லுறன்," என்று மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

மழை மறுபடி பிடித்தது. ஒருத்தியும் ஏறவில்லை. ஜெசீகா பூப்போட்ட குடையை விரித்தாள். "வாங்கக்கா."

இத்தனை நாள் வயிறெரிந்து பார்த்த குடைக்குள் அற்புதமலர் தலையை நுழைத்தாள்.

குடை ஒழுகியது.