பன்னிரண்டு முழம்

ஜம்புலிங்கம் மூன்றாம் முறையாக அதே எண்ணைச் சொன்னார். "அறுபது முழம். நடுவுல ஒட்டு கூடாது. போன தபா மாதிரி கைய வெச்சே, இந்த ஊர்ல இருக்கமாட்டே முனியா."

முனியன் தலை நிமிரவில்லை. கோயில் காரியக்காரரான அவருக்கும் கயிறு திரிக்கும் அவனுக்கும் நடுவே இடுப்பளவு கருங்கல் ஒன்று நின்றது. பூந்தமல்லிக்கு மேற்கே, குத்தம்பாக்கம் போகும் வழியிலிருந்த அச்சிற்றூரில் அதற்கு எல்லைக்கல் என்று பெயர். சேரியில் திரித்த கயிறு அதைக் கடந்து போகும். திரித்த கை கடக்கக் கூடாது.

'போன தபா' என்பது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய குடமுழுக்கு. கலசத்தைக் கோபுர உச்சிக்கு ஏற்றக் கேட்டது அறுபது முழம். முனியன் கொடுத்ததும் அறுபது முழம். உச்சியிலிருந்த கப்பியில் கோத்து இறக்கியபோது கயிற்றின் முனை தரையைத் தொடவில்லை. பன்னிரண்டு முழம் ஒட்டுப்போட்டு இழுத்தார்கள். முடிச்சு கப்பியில் சிக்கியது, கலசம் சரிந்து விழுந்தது. அந்தப் பன்னிரண்டு முழத்தையும் முனியன் திருடிவிட்டான் என்று தீர்ப்பளித்து, புளியமரத்தில் கட்டி அடித்தார்கள். கட்டை அவிழ்த்தவள் அவன் மகள் வடிவு. அன்று அவளுக்கு வயது பத்து. அதற்குப் பின் முனியன் கோபுரத்தை ஏறிட்டுப் பார்த்ததே இல்லை.

இப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு மாசி மாதம். வடிவு முன்னே வந்தாள். "சாரம் கட்டி, கப்பியும் மாட்டிக்கீதே சாமி. மேலேந்து ஒரு நூல உட்டு அளந்தா தெரிஞ்சிடுமே?"

"பொணத்துக்குத்தான் நூல் போட்டு அளவெடுப்பாங்க. கோபுரத்துக்கா எடுப்பாங்க? அறுபது!" ஜம்புலிங்கம் திரும்பி நடந்தார்.

கரையான்சாவடி மிஷன் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை வடிவோடு ஒரே பலகையில் படித்தவள் ஹில்டா. இப்போது அங்கேயே ஆசிரியை. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தவளிடம் வடிவு ஓர் அட்டை முக்கோணத்தை நீட்டினாள்: அடி ஒரு சாண், உயரம் ஒரு சாண், நிமிர்ந்த பக்கத்தில் ஒரு தூக்குக்கல்.

"சாய்வு வழியா பாத்துகினே பின்னால போவணும், கப்பி தெரியிற வரிக்கும். அங்கேந்து கோபுரத்துக்கு எவ்ளோ தூரமோ, அவ்ளோதான் உயரம். நாம படிச்சதுதானே? இதுல இன்னாடி கஷ்டம்?" என்றாள் ஹில்டா.

"கோபுரம் வரிக்கும் தூரத்த யாரு அளக்கறது? நீயா?"

ஹில்டாவும் அதே சேரிக்காரிதான். பாடநூலை எழுதியவர் கோபுரத்தின் காலடிவரை தடையின்றி நடக்கக்கூடியவர். நடக்கக் கூடாதவர்களுக்கு அவர் வழி எழுதிவைக்கவில்லை.

இரண்டு நாள் நார் உரித்தபடியே வடிவு அதையே எண்ணிக்கொண்டிருந்தாள். முன்னே போக முடியாது, சரி. பின்னே போவதை எவன் தடுப்பான்? உயரம் அதேதான், சாய்வை மட்டும் பாதியாக்கினால்? அடி இரண்டு சாண், உயரம் ஒரு சாண். முதல் முக்கோணத்தில் உச்சி தெரியும் இடம் கோபுரத்திலிருந்து ஓர் உயரத் தொலைவு. இரண்டாவதில் தெரியும் இடம் இரண்டு உயரத் தொலைவு. இரண்டுக்கும் நடுவே மிஞ்சுவது? ஓர் உயரம்! அந்த நடுவெளி முழுவதும் சேரித் தெருவிலேயே கிடந்தது. நாரைப் போட்டுவிட்டு இரண்டாம் முக்கோணத்தை வெட்ட உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை, முதல் முக்கோணத்தில் கப்பி தெரிந்த இடத்தில், கல்லுக்கு இப்பால் ஒரு முளை அடித்தாள். கண்ணில் இரண்டாம் முக்கோணத்தை வைத்துப் பின்னே பின்னே நடந்து, கப்பி மறுபடி தெரிந்த இடத்தில் இன்னொன்று அடித்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள்; "இன்னா வடிவு, நண்டு மாதிரி போறே?" என்று கத்தினாள் எதிர்வீட்டு அங்கம்மா. இரண்டு முளைகளுக்கும் இடையே முப்பத்து மூன்று முழம் இருந்தது.

"ஏறி எறங்க அறுபத்தாறு" என்றாள் வடிவு.

ஹில்டா முக்கோணத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "கணக்குல உன்ன எங்கடி வுட்டே? தரையில படுத்துகினா பாத்தே? நின்னுகினுதானே பாத்தே?"

வடிவு தன்னையே அளந்தாள். குதிகாலிலிருந்து கண்வரை மூன்று முழம். முப்பத்து மூன்றோடு தன்னையும் கூட்டினாள்: முப்பத்தாறு. ஏறி இறங்க எழுபத்திரண்டு. எழுபத்திரண்டில் அறுபது போக...

அவள் அப்பன் பக்கம் திரும்பினாள். "நைனா, பன்னெண்டு."

முனியன் நிமிர்ந்தான். "இன்னாது?"

"அன்னிக்கி நீ எடுத்தேன்னு சொன்னாங்களே, அந்தப் பன்னெண்டு. அது கயித்துல இல்ல நைனா. அவுங்க கணக்குல கொறஞ்சது."

ஏறி இறங்க எழுபத்திரண்டு, கட்டுக்கும் பிடிக்கும் நான்கு. எழுபத்தாறு முழம், ஒரே ஓட்டமாக, ஒட்டின்றித் திரித்தார்கள். கலசம் கட்டும் முடிச்சிலிருந்து முப்பத்தாறாம் முழத்தில் வடிவு ஒரு சிவப்புத் துணியைக் கட்டினாள்.

கயிற்றைக் கண்டதும் ஜம்புலிங்கத்தின் கண் சிவந்தது. "கேட்டது அறுபது. எழுவத்தாறு எதுக்கு? கோபுரத்த அளந்தியா? உள்ள வந்தியா நீ?"

முனியன் மகளின் கையைப் பற்றி இழுத்தான். அவள் நகரவில்லை.

"உள்ள வர்ல சாமி. பின்னால போயிதான் அளந்தேன். கலசத்த கீழ கட்டி, கயித்த இறுக்குங்க. செவப்புத் துணி கப்பியாண்ட போய் நிக்கும். ஒரு சாண் தப்புனாலும் அதே புளியமரம் கீது, என்னக் கட்டுங்க."

குடமுழுக்கு நாள். சேரி முழுவதும் கல்லுக்கு இப்பால் திரண்டது. மதிலுக்குள் நடப்பது தெரியவில்லை. மதிலுக்கு மேலே, கப்பியில் கோத்து இழுக்கும் கயிறு மட்டும் தெரிந்தது. சிவப்புத் துணி மதிலுக்கு மேல் தலைகாட்டியது. கோபுரத்தின் முதல் நிலையைக் கடந்தது, இரண்டாம் நிலையைக் கடந்தது. மேளம் முழங்கியது.

"இன்னும் ஏறுமா?" முனியன் தரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"நீயே பாரு நைனா."

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் முனியன் கோபுரத்தை நோக்கி முகத்தை உயர்த்தினான். துணி கப்பியை நெருங்கியது, தொட்டது, நின்றது. கயிறு விறைத்தது. காற்றில் அந்தச் சிவப்பு மட்டும் படபடத்தது.

கோயில் வாசலில் ஜம்புலிங்கம் தோன்றினார். மேலே பார்த்தார், பிறகு கல்லுக்கு அப்பால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். முனியன் அவரைப் பார்க்கவில்லை. முதல் முளையருகே போய் நின்று, நெஞ்சை நிமிர்த்தி, இரண்டாம் முளையை நோக்கி ஓர் அடி வைத்தான். பிறகு இன்னோர் அடி. சேரித் தெருவில் நீளப் படுத்துக் கிடந்த அந்தக் கோபுரத்தின் மேல் அவன் மெல்ல நடந்து போய்க்கொண்டிருந்தான்.