வெளிநாடு என்று எழுதிய வீடு

மிரோஜன் சுவிஸில் இருக்கிறான் என்று ஊர்காவற்றுறையில் எல்லாருக்கும் தெரியும். அவன் கொழும்புச் சிறைச்சாலையில் மறியலில் இருக்கிறான் என்பது அவனுடைய வீட்டுக்காரர் மூன்று பேருக்கும் கன்னியர்மடத்து சிஸ்டருக்கும் மட்டுந்தான் தெரியும்.

இதில் பெரிய கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. தீவுப்பகுதியில் ஒரு வீட்டில் ஆள் குறைந்தால் வெளிநாடு என்று சொல்வதுதான் வழமை. கடற்படை முகாமிலிருந்து வந்து கேட்டால் வாய் தானாகவே அதைச் சொல்லிவிடும். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டுத் தொடக்கத்தில் வீடு வீடாகக் குடும்பப் பட்டியல் எழுத வந்தபோது, தாய் அல்போன்சம்மாவும் அதைத்தான் சொன்னாள். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. வெளிநாடு போகத்தான் மிரோஜன் கொழும்புக்குப் போனான். ஏஜென்சிக்காரன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்துக்கொண்டிருந்த நேரத்தில் லொட்ஜில் வைத்துச் சந்தேகத்தில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எந்த நாடு என்று கேட்டதற்கு அல்போன்சம்மா தடுமாறாமல் சுவிஸ் என்றாள். எழுதினார்கள். அதன்பிறகு கோயில் வாசலில் சனம், "சுவிசில குளிர் எப்பிடியாம்?" என்று கேட்கத் தொடங்கியது. "சரியான குளிராம்," என்றாள் அவள்.

மிரோஜனின் தங்கை நிரோஜினிக்கு இருபத்திரண்டு வயது. அண்ணனைப் பிடித்த செய்தி வந்த நாளிலிருந்து அவளுக்கு உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது, பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி. சமைத்தாள், உடுப்புத் தோய்த்தாள், முழங்காலில் நின்று செபமாலை சொன்னாள். அழுகை வரவில்லை. வராததற்காக வெட்கமும் வரவில்லை.

வைகாசி மாதம் சிஸ்டர் கொழும்பிலிருந்து மிரோஜனின் கடிதத்தோடு ஒரு விண்ணப்பப் படிவமும் கொண்டுவந்தார். மறியலில் இருந்தபடியே பல்கலைக்கழக வெளிவாரிப் பட்டப்படிப்புக்குப் பதியலாமாம். ஏ.எல். பாசானவர்களுக்குப் பாடப் புத்தகங்கள் வரும், சோதினையும் உள்ளேயே நடக்கும். நிரந்தர விலாசத்தையும் ஆள் இப்போது இருக்கும் இடத்தையும் கிராம அலுவலரான விதானையார் உறுதிப்படுத்தவேண்டும்.

"இன்னும் நாலு கிழமைதான் கிடக்கு," என்று எழுதியிருந்தான். "இதை விட்டா அடுத்தமுறை எப்பவோ தெரியாது. எனக்கு வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. இப்பிடியே சும்மா இருந்தா விசராக்கிப்போடும் தங்கச்சி. எப்பிடியும் அனுப்பு."

பரமலிங்கம் விதானையார் படிவத்தை இரண்டு தரம் வாசித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் தரமும் வாசித்தார்.

"பிள்ளை, பட்டியலில உம்மட அண்ணை சுவிசில நிக்கிறார். நான் மறியலில எண்டு கையெழுத்து வைச்சா, கம்பஸ்காரர் முகாமிட்டக் கேப்பினம். பிறகு நானும் உள்ளுக்கை போய் அவரோட சேர்ந்து படிக்கவேண்டியதுதான்."

பகிடிதான். ஆனால் அவரும் சிரிக்கவில்லை.

"அப்ப என்ன செய்யிறது ஐயா?"

"முகாமில போய் முதல் பட்டியலைத் திருத்துங்கோ. உங்கட அப்பாதான் போகவேணும். திருத்தினா அண்டைக்கே கையெழுத்து வைச்சுத் தருவன். ஆனா ஒண்டு. மறியலில ஆள் இருக்கிற வீடெண்டு தெரிஞ்சா, கடலுக்குப் போறதுக்கு முகாமில தந்த பாஸை வாங்கி வைச்சிடுவினம். மண்டைதீவில ஒராளுக்கு ஏழு மாசமாக் குடுக்கேல்லை. யோசிச்சுச் செய்யும்."

நிரோஜினி படிவத்தைக் கொண்டுவந்து அலுமாரிக்குள் உடுப்புகளுக்குக் கீழே வைத்தாள். பாஸ் இல்லாமல் தகப்பன் அம்புறோஸ் கடலில் கால் நனைக்கக்கூட முடியாது. அவருக்குத் தெரிந்த தொழிலும் அது ஒன்றுதான். சிஸ்டர் வந்த கப்பல் பிந்திவிட்டது, திகதி முடிந்துவிட்டது என்று அண்ணனுக்கு எழுதிவிட்டால் தகப்பன் தன்பாட்டில் கடலுக்குப் போவார். தரைப்பாதை பூட்டினபிறகு யாழ்ப்பாணக் கப்பல் பிந்துவது உலகத்துக்கே தெரியும், அவன் நம்புவான். நாலு நாள் இப்படியே போனது. யாருக்காகக் கவலைப்படுவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஐந்தாம் நாள், தகப்பன் குசினியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் சொன்னாள். துணிந்து சொன்னாள் என்றில்லை. ஒளித்து வைத்திருக்கக் களைப்பாக இருந்தது.

அம்புறோஸ் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"எத்தினை வருசப் படிப்பு?"

"மூண்டு."

"மூண்டு வருசம் அவனை அங்கை வைச்சிருப்பினமோ?"

அல்போன்சம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான்தான் சுவிஸ் எண்டு சொன்னனான். நானே போய்ச் சொல்லுறன்."

"நீ என்ன புதுசாவே சொன்னனீ? ஊர் சொல்லுறதைத்தானே சொன்னனீ," என்றார் அம்புறோஸ். கையைக் கழுவிவிட்டு வந்து, "நான் போகாட்டிக் கடல் வத்திப்போகாது," என்றார்.

மறுநாள் காலை தகப்பனும் மகளும் முகாமுக்குப் போனார்கள். அதிகாரி மரியாதையான ஆள், கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். மொழிபெயர்க்க ஒருவர் பக்கத்தில் நின்றார். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டார்கள்.

"பயத்தில," என்றார் அம்புறோஸ்.

அதிகாரி தலையை ஆட்டினார். பட்டியலில் சுவிஸ் என்பதைக் கோடிழுத்து வெட்டி, மேலே வேறொன்று எழுதினார். பிறகு கையை நீட்டினார். அம்புறோஸ் பொலித்தீன் உறையோடு பாஸை எடுத்துக் கொடுக்க, அது மேசை லாச்சிக்குள் போயிற்று. விசாரணை முடிந்ததும் கூப்பிடுவார்களாம். எப்போது முடியும் என்று அம்புறோஸ் கேட்கவில்லை. தனக்குக் கோபம் வரவேண்டும் என்று நிரோஜினி நினைத்தாள். லாச்சியின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது பித்தளைக் கைப்பிடி.

அன்று பின்னேரமே விதானையார் கையெழுத்து வைத்தார். படிவத்தை சிஸ்டர் கொண்டுபோனார். வள்ளத்தைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்து வைத்தார்கள். அம்புறோஸ் மற்றவர்களின் கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுத்தார். அவர்கள் கறிக்குக் கொஞ்சம் சின்ன மீன் கொடுத்தார்கள். கோயில் வாசலில் குளிரைப் பற்றி இப்போது ஒருவரும் விசாரிப்பதில்லை. வேறு எதைப் பற்றியும் விசாரிப்பதில்லை.

ஆவணியில் பதில் வந்தது. நிரோஜினி சத்தமாக வாசித்தாள்.

"பதிஞ்சாச்சு. நாங்கள் நாலுபேர். பத்து மணியில இருந்து பன்ரண்டு மட்டும் ஒரு மேசை தருகினம். கம்பஸ் எனக்கொரு சுட்டெண் அனுப்பியிருக்கு. மறியலில தந்த நம்பரைக் கூப்பிட்டா எழும்பி நிக்கிறனான், இந்த நம்பரை நானே எனக்குச் சொல்லிப் பாக்கிறனான். அப்பாவுக்குச் சொல்லு, இங்கத்தைச் சாப்பாடு வாயில வைக்கேலாது. அப்பா பிடிச்சுப் போடுற கட்டாக் கருவாடு கொஞ்சம் சிஸ்டரிட்டக் குடுத்துவிடுங்கோ. படிக்கிற பிள்ளைக்குச் சத்து வேணுமெல்லே."

அம்புறோஸ் கடிதத்தை வாங்கி, வாசிக்கத் தெரியாத ஆள் மாதிரிக் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி வெளியே போனார்.

சிஸ்டர் வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் போவதாக இருந்தார். செவ்வாய்க்கிழமை நிரோஜினி சந்தைக்குப் போய்க் கட்டாக் கருவாடு வாங்கிக்கொண்டு வந்தாள். அந்த வீட்டுக்குக் கருவாடு காசுக்கு வந்தது அதுதான் முதல்தரம். சந்தைக்காரி சூசையம்மா அவளுடைய முகத்தைப் பார்க்காமலே சுற்றிக் கொடுத்தாள்.

அம்புறோஸ் பார்சலைப் பிரித்தார். ஒரு துண்டைப் பிரட்டிப் பார்த்தார், மணந்து பார்த்தார், ஓரத்தில் கிள்ளி நாக்கில் வைத்தார்.

"உப்புக் காணாது. அவன் வாயில வைச்ச உடன கண்டுபிடிச்சிடுவான்."

நிரோஜினி குசினியிலிருந்து உப்புப் பேணியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, ஒவ்வொரு துண்டாக எடுத்து, கீறின இடமெல்லாம் விரலை விட்டு உப்பைத் தேய்த்தார். தேய்த்து முடித்து எல்லாவற்றையும் வெயிலில் பரப்பினார்.

"ரெண்டு வெயில் காணும். பிறகு என்ர கருவாடு மாதிரித்தான் இருக்கும்," என்றார். "சோதினை முடியுமட்டும் அவனுக்கு ஒண்டும் எழுதிப்போடாதை பிள்ளை."