பனியன் வேஸ்ட் மெத்தை

எங்கள் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறைக்கு நான்தான் இயக்குநர். அறை வாசலில் முனைவர் விஜயகுமாரி என்று பலகை தொங்கும். பிள்ளைகளுக்கு நான் பி.டி. மேடம். நான் அந்தப் பக்கம் போனதும் அவர்கள் சொல்கிற பெயர் வெங்காய வெடி. அதை வைத்தவன் யார் என்று எனக்குத் தெரியும். நன்றாகக் குண்டு எறிகிறான், பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

இயக்குநர் என்றால் விசிலை ஊதிக்கொண்டு மைதானத்தில் நிற்கிறவள் என்று நினைக்கிறார்கள். பாதி நாள் நான் கோப்புக்குப் பின்னால்தான் ஓடுகிறேன். போன மழைக்கு ஸ்டோர் ரூம் கூரை ஒழுகி, உயரம் தாண்டுகிற பிள்ளைகள் விழும் மெத்தை ஊறி நாறிப்போயிற்று. புது மெத்தை கேட்டு எழுதினேன். பரிசீலனையில் உள்ளது என்றார்கள். மறுபடி எழுதினேன். மறுபடியும் பரிசீலனை. எனக்கு வந்ததே கோபம்! திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு ஒரு மெத்தைக்கு இத்தனை பேர் காலைப் பிடிப்பதா? அருள்புரத்தில் பனியன் கம்பெனி நடத்தும் ஞானாம்பாள் என்னோடு படித்தவள். நேரே அவள் முன்னால் போய் நின்றேன்.

"வாங்க பி.டி.யம்மா, ஜெர்சி வேணுமுங்களா?" என்று கிண்டலாகக் கேட்டாள்.

"ஜெர்சி உன்னோட இருக்கட்டும். எனக்குக் கட்டிங் வேஸ்ட் ஒரு லோடு வேணும்."

"அத வெச்சு என்னடி பண்ணுவ?"

"புள்ளைங்க அது மேல உழுகறதுக்கு."

வெட்டியது போக மிஞ்சும் துணித் துண்டுகள் எங்கள் பக்கம் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ஞானாம்பாளின் டெய்லர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, கெட்டித் துணியில் பெரிய உறை தைத்துக் கொடுத்தார்கள். மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் முனீஸ், ராமநாதபுரத்துக்காரர், மூட்டைகளைக் கொட்டி மிதித்து மிதித்துத் திணித்தார். ஒரு ரூம் அகலத்துக்கு, இடுப்பு உயரத்துக்கு வந்து நின்றது மெத்தை. தையல் சந்துகளில் மஞ்சளும் நீலமும் ரோஸுமாகத் துண்டுகள் எட்டிப் பார்த்தன.

இவ்வளவும் சண்முகப்பிரியாவுக்காகத்தான். அவள் குண்டடத்துப் பெண். இரண்டாம் ஆண்டிலேயே எங்கள் பல்கலைக்கழகத்தில் யாரும் தாண்டாத உயரத்தைத் தாண்டியவள். போன வருடம் வெளியூர்ப் போட்டி ஒன்றில், இரண்டு மெத்தைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டவர்கள் அவற்றைச் சேர்த்துக் கட்டவில்லை, புண்ணியவான்கள். இவள் விழுந்த வேகத்தில் இரண்டும் விலகிக்கொண்டன. நடுச் சந்தில் தலை போய்த் தரையில் மோதியது. ஒரு மாதம் கழுத்தில் பட்டையோடு திரிந்தாள். வலி போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகு கம்பிக்கு முதுகைக் காட்ட அவளால் முடியவில்லை. வளைந்து ஓடி வருவாள், கம்பிப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிடுவாள். முதுகைத் திருப்பாமல் இந்தக் காலத்தில் உயரம் தாண்டிப் பேர் வாங்க முடியாது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போக அவளுக்கோ இது கடைசி வருடம்.

"இந்தத் தடவ இல்லீன்னா அவ்வளவுதானுங்க மேடம். அப்பறம் கல்யாணம், கம்பெனி, ஏதோ ஒண்ணு. குதிக்கறவளா மட்டும் இருக்க மாட்டேனுங்க," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நானும் திட்டித் தீர்த்திருப்பேன். அழாததால்தான் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

புது மெத்தை வந்த அன்று அவள் ஓடவே இல்லை. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறி மல்லாந்து படுத்தாள். பயிற்சி முடியும்வரை அப்படியே கிடந்தாள். மறுநாளும் அதே. அதற்கு அடுத்த நாளும். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். முனீஸ் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"மேடம், இது ஸ்போர்ட்ஸ் டிபார்ட்மெண்டுங்களா, லாட்ஜுங்களா?" என்றார் பயிற்சியாளர் செல்வக்குமார். "போட்டிக்கு ஒருத்தரத்தான் அனுப்ப முடியும். நித்யஸ்ரீ பழைய மாதிரி காலைத் தூக்கிப் போட்டுத் தாண்டறா. உயரம் கம்மிதான், ஆனா நிக்காம தாண்டறா. அவ பேரக் குடுத்துரலாமுங்க."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க."

"பிரியா குதிக்கலீன்னா?"

"நான் குதிக்கறேன், போங்க."

அவர் சொல்வதில் தப்பில்லை. அதனால்தான் அவர்மேல் எரிச்சல் வந்தது.

ஒரு மதியம் எனக்கே பொறுமை போயிற்று. நாலு கேள்வி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிடுவது என்றுதான் போனேன். வாயில் வந்தது என்னவோ, "அந்தப் பக்கம் நகரு கண்ணு," என்பதுதான். ஏறிப் படுத்தேன். மெத்தை என்னை மெல்ல மெல்ல உள்ளே வாங்கிக்கொண்டது. காது இரண்டும் துணிக்குள் அமிழ்ந்ததும் பல்லடம் ரோட்டு லாரிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. புதுப் பனியன் வாசம் வந்தது. ஆடிக் காற்று புருவத்தைத் தடவிக்கொண்டு போயிற்று. தெற்கே தூரத்தில் காற்றாலைகள் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. மேற்கிலிருந்து மேகங்கள் அவசரம் இல்லாமல் வந்தன. பார்த்துக்கொண்டே இருந்தபோது மேகம் நின்றுவிட்டது, நாங்கள் நகர ஆரம்பித்தோம். மைதானமும் கோல் போஸ்டும் வேப்பமரமும் கூடவே மிதந்து வந்தன. எனக்குக் கோபம் என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிற்று.

"என்ன கண்ணு பண்ற இங்க?" என்று கேட்டேன். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"பழக்கறேனுங்க மேடம்."

"என்னத்த?"

"முதுகத்தானுங்க. முதுகுக்குக் கண்ணு இல்லீங்களே. கீழ என்ன கெடக்குதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? நான் வாயால சொன்னா அது நம்ப மாட்டீங்குது. அதனால படுத்துக் காட்டறேன்."

நான் படித்த எந்தப் பாடத்திலும் இது இல்லை. சிரிக்கலாமா என்று நினைப்பதற்குள் தூங்கிப்போனேன். முனீஸின் குரல்தான் எழுப்பியது.

"மேடம், துணைவேந்தர் ஆபீஸ்ல தேடுறாக."

"மீட்டிங்ல இருக்கேன்னு சொல்லுங்க," என்றேன் கண்ணைத் திறக்காமல்.

வெள்ளிக்கிழமை வந்தது. செல்வக்குமார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நித்யஸ்ரீ நகத்தைக் கடித்தாள், பாவம், அவளுக்கும் ஆசை இருக்காதா? பிரியா தன் இடத்தில் நின்று மெத்தையையே பார்த்தாள். பிறகு ஓடினாள். வளைந்தாள். திரும்பினாள்.

அவள் அந்தரத்தில் இருந்தது ஒரு கண் சிமிட்டும் நேரம்தான் இருக்கும். எனக்கு அந்த நேரம் முடியவே இல்லை. தலை பின்னால் சாய, இடுப்பு வில்லாக எழும்ப, காற்று அவளைக் கையில் ஏந்திக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்த மாதிரி இருந்தது. கம்பி அசையவில்லை. அவள் விழுந்ததும் மெத்தையின் ஒரு தையல் விட்டுக்கொண்டது. உள்ளே இருந்த துண்டுகள் குபீரென்று கிளம்பி, மஞ்சளும் நீலமும் ரோஸுமாக ஆடிக் காற்றில் மைதானம் முழுக்கப் பறந்தன. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு அவற்றின் பின்னால் ஓடினார்கள். செல்வக்குமாரின் தலையில் ஒரு பச்சைத் துண்டு உட்கார்ந்திருந்தது. நான் பிரியாவின் பெயரை எழுதினேன்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நான் எப்பேர்ப்பட்ட இயக்குநர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியலாம். போட்டி நடந்த ஊரில் கிடந்தது நீல நிற ஃபோம் மெத்தை. வழவழவென்று, விறைப்பாக, பார்த்தாலே அந்நியமாக. எல்லாம் தாமதமாகிவிட்டது என்று ஆளுக்கு ஒரு முறைதான் பழகிப் பார்க்க விட்டார்கள். பிரியா ஓடவில்லை. போய் மெத்தையில் ஏறிப் படுக்கப் பார்த்தாள்.

"ஏம்மா, இது தூங்குற இடமா? எறங்கு, எறங்கு," என்று நடுவர் விரட்டினார்.

அவள் இறங்கி வந்ததைப் பார்த்ததும், இந்த மெத்தையை அவள் முதுகு நம்பப்போவதில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. முதல் வாய்ப்பு. ஓடினாள், வளைந்தாள், கம்பிப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். நேரம் முடிந்து சிவப்புக் கொடி ஏறியது. மொத்தம் மூன்று வாய்ப்புத்தான். அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. நித்யஸ்ரீக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அதைவிட, இந்தப் பிள்ளைக்கு?

அணியோடு வந்தவர்கள், குதிக்கும் இடத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது. நான் போனேன். கயிற்றைத் தாண்டும்போது கால் தட்டியது, அதுதான் அன்று நான் தாண்டிய உயரம். நேரே நடந்துபோய் அந்த நீல மெத்தையில் ஏறி மல்லாந்து படுத்தேன்.

கூட்டத்தில் ஒரு ஓசை எழுந்தது. யாரோ விசில் அடித்தார்கள். நான் இந்த ஓரத்துக்கு ஒரு தடவை, அந்த ஓரத்துக்கு ஒரு தடவை புரண்டேன். நடுவில் முதுகால் இரண்டு இடி இடித்துப் பார்த்தேன்.

"கண்ணு!" என்று கத்தினேன். "ஒரே துண்டு! நடுவுல சந்து இல்ல! நம்மளுது மாதிரி உள்ள வாங்காது, மேல தூக்கிக் குடுக்குது! அவ்வளவுதான் வித்தியாசம்!"

நடுவர் ஓடிவந்தார். "மேடம், யாரு நீங்க?"

"உடற்கல்வித் துறை இயக்குநர்."

"இயக்குநரா!" என்றார்.

எழுந்திருக்கத்தான் நினைத்தேன். ஆனால் மேலே வானம் அவ்வளவு பெரிதாக இருந்தது. சத்தமெல்லாம் தூரமாகப் போயிற்று. உடம்பு லேசாகிவிட்டது. ஒரு பிள்ளைக்காக ஒரு பொம்பளை ஊர் பார்க்கப் படுத்துக் கிடக்கிறாள், அவ்வளவுதானே, இதில் என்ன வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

"மேடம்."

தலையைத் திருப்பினேன். பிரியா தன் இடத்தில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் பயம் இல்லை. எரிச்சல் இருந்தது, சுத்தமான எரிச்சல்.

"எந்திரிங்க மேடம். நீங்க படுத்துக் கெடந்தா நான் எப்படிங்க குதிக்கறது?"

இத்தனை வருடத்தில் எந்த மாணவியும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு பேர் வந்து ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார்கள். எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதப்போவதாக நடுவர் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தார். தாராளமாக எழுதுங்கள் என்றேன்.

கயிற்றருகே வந்து திரும்பிப் பார்த்தேன். அவள் ஓடிக்கொண்டிருந்தாள். வளைந்தாள். நிற்கவில்லை. கம்பிக்கு முதுகை முழுசாகக் காட்டி, முகம் வானத்தைப் பார்க்க, எழும்பினாள்.

கம்பி விழுந்தது. விழுந்தால் என்ன? அதை எடுத்து வைக்க அங்கே இரண்டு பேரை நிறுத்தியிருக்கிறார்கள். பிரியா அதற்குள் மெத்தையிலிருந்து குதித்து இறங்கி, கடைசி வாய்ப்புக்கு நடுவர் கூப்பிடும் முன்பே தன் இடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.