அண்ணி கேட்ட ஓடுற லைட்டு

"தீவாளிக்கு ஓடுற லைட்டு போடணும் தம்பி" என்று அண்ணி சொன்னபோது என் வாய் நிறைய தேத்தண்ணி இருந்தது. விழுங்குவதா துப்புவதா என்று தெரியவில்லை.

"எங்க அண்ணி?"

"நம்ம வீட்டுக்குத்தான். ரோட்டு முனையில இருந்து ஓடி வரணும். வாசல்ல வந்து முடியணும். ஈப்போவுல நகைக்கடையில பாத்தோம்ல, அது மாதிரி."

அண்ணி நீலாவதி வீட்டில் அதிகம் பேசாதவர். பேசினால் இப்படி ஒரே போடாகப் போட்டுவிட்டுக் கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

என் அண்ணன் முனியாண்டி கோலா தெர்லாவில் ஒரு சீன முதலாளித் தவுக்கேயிடம் காய்கறி லோரி ஓட்டினார். அந்த எழுபத்தெட்டாம் வருஷம் தைப்பூசம் முடிந்த கையோடு கோலாலம்பூருக்கு முட்டைக்கோசு ஏற்றிப் போனவர் திரும்பவில்லை. ரிங்லெட்டைத் தாண்டி, தாப்பா ரோட்டு வளைவில் லோரி ஓரமாக நின்றிருந்தது. சாவி தொங்கிக்கொண்டிருந்தது. கோசு வாடாமல் இருந்தது. ஆளை மட்டும் காணோம். போலீஸ் பள்ளத்தில் இறங்கித் தேடியது, ஒன்றும் அகப்படவில்லை. அதன் பிறகு ஆளுக்கொரு கதை. சிங்கப்பூரில் ஒருத்தியோடு பார்த்தேன் என்றான் ஒருவன். புலி இழுத்துப் போயிருக்கும் என்றார் இன்னொருவர். பார்த்தவனுக்கும் முகம் சரியாகத் தெரியவில்லை, புலியையும் யாரும் பார்க்கவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சாவு விழுந்த வீட்டுக்கு அந்த வருஷம் தீபாவளி கிடையாது. வாசலில் விளக்கு எரிந்தால் அண்ணன் இருக்கிறார், இருட்டாக இருந்தால் இல்லை. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஜனங்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். சின்னையா கங்காணி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார். "கருமாதிய முடிச்சிருங்கப்பா சிங்காரம். ஒண்ணும் செய்யாம வெச்சிருந்தா வீட்டுக்கு ஆகாது லா." அண்ணியோ பொட்டு வைத்துக்கொள்வார், பூ வைப்பதில்லை. என்ன நினைக்கிறீர்கள் என்று அவரைக் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. நான் என்ன நினைக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. காலையில் வெயில் அடித்தால் அண்ணன் உயிரோடு இருப்பார். சாயங்காலம் மழை பிடித்தால் செத்துப்போவார்.

அண்ணி கேட்டுவிட்டார், செய்தாக வேண்டும். கடையில் விற்கும் பெட்டியை வாங்க எங்கள் சம்பளம் காணாது. நான் தேயிலை ஆலையில் மிஷின்களுக்கு எண்ணெய் போடுகிறவன், ஓரளவு கை வேலை தெரியும். ரிங்லெட் பழைய இரும்புக் கடையில், உடைத்துப் போட்ட லோரி ஒன்றின் வைப்பர் மோட்டாரும் சிக்னல் பல்புகளும் கிடைத்தன. அண்ணியின் சப்பாத்திக் கட்டையை மோட்டாரில் பொருத்தினேன். பிஸ்கட் டின்னை வெட்டி, கட்டையைச் சுற்றிச் சாய்வாக ஆணி அடித்தேன். ஓட்டைக் குடையில் துருப்பிடிக்காமல் மிச்சமிருந்த கம்பிகள் மூன்று, மூன்று விரல்கள் மாதிரி கட்டையின் மேல் உரசி நிற்கும். கட்டை சுற்றச் சுற்ற டின் ஒவ்வொரு விரலாகத் தொடும். தொட்ட விரலின் வரிசையில் பல்பு எரியும். மூன்று வரிசையையும் மாற்றி மாற்றிக் கட்டினால் வெளிச்சம் ஓடுகிற மாதிரி இருக்கும். பல்புகளுக்கு மிட்டாய் சுற்றி வருகிற கலர் தாள். லயத்துக்கு வரும் எஞ்சின் கரண்டில் இதை மாட்டினால் தோட்டத்து ஆபீஸ் கிராணி வந்து கம்பியை அறுத்துவிடுவார். அதனால் ஒரு பழைய லோரி பேட்டரிக்கு டவுனில் சார்ஜ் ஏற்றி, மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சட்டையில் அமிலம் பட்டு ஓட்டை விழுந்ததுதான் மிச்சம்.

தீபாவளிக்கு முதல் நாள் பொழுது சாய்ந்ததும் ஓட்டிப் பார்த்தேன். லைட்டு ஓடியது. அண்ணி வாசற்படியில் நின்று பார்த்தார். அவர் முகத்தில் நான் அத்தனை மாதமாகப் பார்க்காத ஒரு சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போயும் விட்டது.

"ஏன் தம்பி வெளிய போகுது?"

அப்போதுதான் நானும் கவனித்தேன். வெளிச்சம் வாசலில் கிளம்பி ரோட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"இருங்க அண்ணி, வயர மாத்திப் போட்டா திரும்பிரும்" என்று பேட்டரி வயர்களை மாற்றினேன். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றியிருக்க வேண்டும். சுற்றவில்லை. மறுபடி மாற்றினேன். எப்படிக் கொடுத்தாலும் அது தன் பாட்டுக்கு ஒரே பக்கம்தான் சுற்றியது. கட்டையைக் கழற்றித் தலைகீழாக மாட்டினேன். அப்போதும் வெளியேதான் ஓடியது. அது எப்படி என்று இன்றைக்கு யோசித்தாலும் எனக்குத் தலை சுற்றுகிறது.

"அவரு போன மாதிரியே போகுது" என்று சொல்லிவிட்டு அண்ணி உள்ளே போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. மோட்டாரைத் தூக்கித் தேயிலைக்குள் எறியலாமா என்றும் தோன்றியது.

தீபாவளிக் காலையில் ஊரே எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருக்க, நான் குறடும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். நெம்பிய நெம்பில் ஒரு குடைக்கம்பி உடைந்தது. வேறு குடைக்கு எங்கே போக? மூன்றாவது வரிசையைக் கழற்றிப் போட்டுவிட்டு, டின்னை இரண்டு விரலுக்குத் தக்கபடி வெட்டி, மிச்சமிருந்த பல்புகளைச் சம இடைவெளியில் மாற்றிக் கட்டினேன். ஒரு சிவப்பு, ஒரு பச்சை, மறுபடி சிவப்பு.

சாயங்காலம் போட்டபோது லயத்தில் பாதிப் பேர் ரோட்டில் நின்றார்கள். சிவப்பெல்லாம் எரிந்தது, அணைந்தது, பச்சையெல்லாம் எரிந்தது. நான் பார்த்தேன். வெளிச்சம் வாசலுக்கு வந்தது. சந்தோஷத்தில் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பார்த்தால் ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மறுபடி சிமிட்டினேன், வந்தது.

"உள்ள வருது லா!" என்றது ஒரு குரல்.

"கண்ணு அவிஞ்சு போச்சா? வெளியதானே போகுது" என்றார் சின்னையா கங்காணி. பிறகு அவரே கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு மணியம்மா அக்கா முறுக்கும் அதிரசமும் வைத்த தட்டோடு வந்து பாதியில் நின்றார். தீபாவளித் தட்டு வந்தால் அதில் நம் வீட்டுப் பலகாரம் வைத்துத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். துக்க வீட்டுக்கும் தட்டு வரும், அந்தத் தட்டு மட்டும் வெறுமனே திரும்பும். அக்காவுக்கு இது எந்தத் தட்டு என்று புரியவில்லை. லைட்டைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், மறுபடி லைட்டைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுமே வெளங்கல நீலா. கொண்டாந்துட்டேன்."

அண்ணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எங்கள் வீட்டில் அந்த வாரம் எண்ணெய்ச் சட்டியே அடுப்பில் ஏறவில்லை. அது எனக்குத் தெரியும்.

"தம்பி, உனக்கு எப்படித் தெரியுது?" என்று என்னைக் கேட்டார்.

வருகிறது என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"ரெண்டு மாதிரியும் தெரியுது அண்ணி."

"எனக்கும் அப்படித்தான் தெரியுது" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. பேட்டரி இறங்க ஆரம்பித்து, சிவப்பும் பச்சையும் நிதானமாக மாறின. அண்ணி தட்டோடு வெளியே வந்தார். தட்டின் நடுவில் ஒரு கை சீனி இருந்தது. மணியம்மா அக்கா தட்டைப் பிடித்தார். அண்ணி விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி நிற்க, சீனி சிவப்பானது, பச்சையானது, மறுபடி சிவப்பானது.