சொல்லிக்கொடுத்த சொல்

வெளிச்சம் வருவதற்குள் வரப்போரக் கரும்பையெல்லாம் வெட்டிச் சாய்த்தாகிவிட்டது. குனிந்து, மண்ணோடு ஒட்ட வெட்டி, தோகை கழித்து, கட்டிப் போட வேண்டும். தோகை கீறிய இடத்தில் வியர்வை இறங்கினால் எரியும் பாருங்கள், மிளகாய் தோற்றது! நெட்டச்சி கையை உதறிக்கொண்டு அடுத்த கரும்பைப் பிடித்தாள். கரும்புக்குப் போட்டியாக வளர்ந்தவள் என்று கூட்டாளிகள் வைத்த பெயர் அது.

முதலாளி அன்றைக்கு வயலுக்கே ஓடிவந்தார். ஒருவருக்கு இவ்வளவுக்கு மேல் நிலம் கூடாது என்று சட்டம் வந்தபோது, இந்த வயலையும் சேர்த்து மிச்சத்தை வேலையாட்கள் பெயரில் எழுதிவைத்துவிட்டார் மனுஷன்; ஆட்களுக்கே தெரியாது! யாரோ புகார் கொடுத்து, இன்று அதிகாரி விசாரிக்க வருகிறார்.

“ஆபீசர் கேட்டா என்ன சொல்லணும்?”

“உங்க நிலம்னுதாங்க,” என்றான் நெட்டச்சியின் கொழுந்தன்.

“கெடுத்தியே காரியத்த! ‘இது என் நிலம்’னு சொல்லுடா. எங்க, எல்லாரும் சத்தமா!”

எல்லோரும் சொன்னார்கள். நெட்டச்சியும் சொன்னாள். போன வருஷம் டிராக்டர் கவிழ்ந்து அவள் புருஷன் செத்தது இதே வயலில்தான். நியாயம் கேட்டுப் போனவளை, ‘உனக்கும் இந்த நிலத்துக்கும் என்னடி சம்பந்தம்?’ என்று விரட்டிய வாய்தானே இது!

அதிகாரி வந்தார். ஒவ்வொருவரையும் கேட்டார். “என் நிலம்தாங்க,” என்று நெட்டச்சி நிமிர்ந்து சொன்னாள். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். முதலாளிக்கு முகமெல்லாம் பல்.

“சபாஷ்! போய் வெட்டுங்க. லாரி வந்துரும்.”

நெட்டச்சி அரிவாளைக் கீழே போட்டாள். “என் நிலத்துக் கரும்ப லாரியில ஏத்த நீங்க யாருங்க?”

“என்ன, தமாஷா?”

“நீங்க சொல்லச் சொன்னதத்தான் சொல்றேன்.”

“நாயே! இப்பவே குடிசையக் காலி பண்ணு!”

“குடிசையும் அந்த நிலத்துலதாங்க இருக்கு.”

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். முதலாளி கொழுந்தன் பக்கம் திரும்பினார். “டேய், உங்க அண்ணிக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு. நீ கரும்ப வெட்டுடா.”

கொழுந்தன் ஒரு கரும்பைப் பிடித்தான், விட்டான். பிள்ளைகுட்டிக்காரன், பாவம். அரிவாளைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான், அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். “ஆபீசர்கிட்ட எங்களப் பொய் சொல்ல வச்சீங்கல்ல? அது உண்மையாவே இருந்துட்டுப் போகட்டும்ங்க,” என்றான். அவ்வளவுதான். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து, லாரி வரும் பாதையை அடைத்து உட்கார்ந்தார்கள்.

“இருங்கடி, இருங்கடா! ஆளுங்களோட வர்றேன்!” முதலாளி மண்ணை உதைத்துக்கொண்டு போனார்.

வெயில் ஏறியது. பயம் இல்லாமலா? நெட்டச்சியே பாதையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நிஜமாவே ஆளுங்களோட வருவாரு அண்ணி,” என்றான் கொழுந்தன் மெல்ல.

“வரட்டுமே. நாம மட்டும் என்னவாம், ஆளுங்க இல்லையா?”