ஒரு கால் மட்டும்

1

இந்தக் கதை ஒரு வீக்கத்திலிருந்து பிறந்தது. இடது கெண்டைக்கால் வீக்கம். என் காலில். (இல்லை, "அவள் காலில்" என்றே எழுதுகிறேன். "நான்" என்று போட்டால் பேனா நகர மறுக்கிறது. செங்கல் சுமந்த கை. எழுத்து வந்து சேர்ந்ததோ முப்பது வயதைத் தாண்டி.)

2

முதல் தொடக்கம்: "அன்று வானம் கறுத்திருந்தது, ஏதோ..."

பொய். நல்ல வெயில். குழந்தைத் துணி காய்ந்துகொண்டிருந்தது.

இரண்டாம் தொடக்கம்: வயிற்றைக் கீறிக் குழந்தை எடுத்து வீடு வந்திருந்தாள். தையல் இழுக்கிறது என்று கட்டிலோடு கிடந்தாள். எழுந்து நடக்கச் சொல்லித்தான் மருத்துவமனையில் அனுப்பினார்கள். ஆனால் வாழ்நாளில் முதல்முறையாகப் படுக்கக் கிடைத்தவளை யார் எழுப்புவது? கால் வலித்தது. கட்டட வேலைக்காரிக்குக் கால்வலி ஒரு செய்தியா?

இதுவே இருக்கட்டும்.

3

நாத்தனார் குழந்தைக்குத் துணி மாற்ற வந்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் வெடி. [அவளை இதமாகப் பேசவைத்து ஒரு பக்கம் எழுதினேன். படித்துக் காட்டியதும், "இது யாரு? நான் எப்ப இப்படிக் குழைஞ்சேன்?" என்று பேனாவைப் பிடுங்கி அந்தப் பக்கத்தையே அடித்துவிட்டாள். ஆகவே, உள்ளபடி:]

"என்ன அண்ணி, ஒரு கால் மட்டும் கொழுத்திருக்கு? எங்கண்ணன் அதுக்குத் தனியா ஊட்டி விடுறாரா?"

"வேலை பார்த்த கால்டி. வலி பழகினதுதான். கொஞ்சம் அமுக்கி விடேன்."

வெடி கை வைத்தாள். சுட்டது. மற்றக் காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"செங்கல் ரெண்டு காலையும்தானே வதைக்கும்? இது மட்டும் ஏன் கொதிக்குது? நான் அமுக்க மாட்டேன். எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"சாயங்காலம் போலாம்."

"சாயங்காலமா நீங்க வாங்க. நானும் பிள்ளையும் இப்பவே போறோம்."

பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டிவிட்டாள். பெற்றவள் பின்னால் நொண்டாமல் என்ன செய்வாள்?

4

ஸ்கேன் எடுத்தார்கள். காலுக்குள் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாக அடைத்திருந்தது.

"பிள்ளை பெத்த உடம்புல ரத்தம் சீக்கிரம் உறையும்மா," என்றார் டாக்டர். "படுத்தே கிடந்தா இன்னும் மோசம். நல்லவேளை, அமுக்கல. கட்டி கழண்டு நுரையீரலுக்குப் போயிருந்தா..."

[இங்கே வேறொரு முடிவு எழுதிப் பார்த்தேன்: நாத்தனார் அமுக்கிவிடுகிறாள். வலி குறைந்த மாதிரி இருக்கிறது. சாயங்காலம் பெற்றவளுக்கு நெஞ்சு வலித்து, மூச்சு...]

அதற்குமேல் எழுதவில்லை. அந்தப் பிள்ளை, இப்போது ஓடுகிறவன், வந்து மடியில் ஏறிக்கொண்டான்.

5

மருந்தில் கட்டி கரைந்தது. வெடியிடம் நன்றி என்று ஒரு சொல் நான் சொன்னதில்லை. வீட்டு ஆளிடம் அதைச் சொல்ல வாய் கூசுகிறது. கற்ற எழுத்து அதற்காவது உதவட்டும் என்றுதான் இவ்வளவும்.

இப்போது வயிற்றில் இரண்டாவது. ஒருமுறை உறைந்தது மறுபடியும் உறையலாம் என்பதால் தினமும் வயிற்றுத் தோலில் ஓர் ஊசி. பிறந்த பிறகும் ஆறு வாரம். போட்டுவிடுவது வெடிதான். இதோ, ஊசியோடு வந்து தோளுக்குமேல் எட்டிப் பார்க்கிறாள்.

"முடிவு எங்க?"

"பிள்ளை பொறக்கட்டும்."

"'தாயும் பிள்ளையும் நலம்'னு இப்பவே போடுங்க."

"நடக்காததை எப்படி எழுதுறது?"

"கதைதானே அண்ணி. அதுல என்ன கஞ்சத்தனம்?"

எனக்குத் துணிவு வரவில்லை. கடைசி வரியை வெறுமையாக விடுகிறேன். ஊசி போட்டதும் நாங்கள் இருவரும் தெருமுனைவரை நடந்துவிட்டு வருகிறோம். வாசிக்கிறவர்களே, அதற்குள் நீங்கள் நிரப்பி வையுங்கள்:

.........................................